ஏழாவது கேள்விக்கு மேயரின் பதில்

மாமன்றக் கூட்டம் ஒரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒன்றைத் தாண்டினால் அரிசிம்பருப்பு சாதம் ஆறி இறுகிப்போகும், அப்புறம் எத்தனை நெய் ஊற்றினாலும் ருசி திரும்பாது. எங்கள் உறுப்பினர்கள் எதைப் பொறுத்துக்கொண்டாலும் ஆறின சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டீ சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சர்க்கரை வேண்டாம் என்றதை நினைவில் வைத்திருந்ததற்கு இன்னொரு நன்றி. நேரே விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள், வந்துவிடுகிறேன். ஆனால் எங்கள் மன்றம் எப்படி நடக்கும் என்று தெரியாமல் அன்றைய கதையை மட்டும் கேட்டால் என்மேல் உங்களுக்குத் தப்பபிப்பிராயம் வந்துவிடும். அதனால் சித்த நேரம் பொறுக்க வேண்டும்.

என் பெயர் பொங்கியண்ணன். மாமன்றச் செயலாளர். ஊர் நகராட்சியாக இருந்த காலத்தில் எழுத்தராகச் சேர்ந்தவன். ஊர் வளர்ந்து மாநகராட்சியானது, தலைவர் நாற்காலி மேயர் நாற்காலியானது, நானும் கூடவே வளர்ந்து செயலாளர் ஆனேன். இருபத்தொன்பது வருட சர்வீஸில் என்மேல் ஒரு மெமோ கிடையாது. வேண்டுமானால் ஃபைலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேயர் மயிலாத்தாள் தங்கமான மனுஷி. கொப்பரை காயவைக்கிற தேங்காய்க் களம் வைத்திருக்கிற குடும்பம். களத்தில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குவார். மன்றத்தில் மைக்கைப் பார்த்தால் மட்டும் பயம். பதவியேற்ற முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங், இவங்கல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுக் கேக்கறாங்களே, எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க. நீங்கதான் பாத்துக்கோணும்.”

“நான் எழுதிக் குடுக்கறதைப் படிச்சுப்போடுங்க மேடம். மத்ததை உடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

மூன்றரை வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். கேள்விகள் மூன்று நாள் முன்னாலேயே எழுத்தில் என்னிடம் வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. உறுப்பினர்களில் பாதிப் பேர் என் மேசைக்கே வந்து, “அண்ணா, நம்ம பேர்லயும் ஒரு கேள்வி போட்டு உடுங்க, வார்டுல பேரு வரோணும்” என்பார்கள். போட்டுக் கொடுப்பேன். ஆகக் கேள்வியும் என் எழுத்து, பதிலும் என் எழுத்து. எதிர்க்கட்சிக்காரர் சுந்தரராஜுலுவுக்கும் நான்தான் எழுதித் தருவேன், கொஞ்சம் காரம் தூக்கலாக. மேயர் பதில் படித்ததும் அவர் முகத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு வெளிநடப்பு செய்வார். வெளியே டீயும் தேங்காய் பன்னும் சூடாக இருக்கிற நேரம் பார்த்துத்தான் அந்த வெளிநடப்பையும் குறித்திருப்பேன். இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மன்றத்துக்குள் செல்போன் கூடாது என்பதும் என் ஏற்பாடுதான். ஒருத்தர் கூட்டத்தை ஃபேஸ்புக்கில் நேரலையாக விட்டு மேயர் கொட்டாவி விட்டதை ஊரே பார்த்தது. அதிலிருந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்து, அலுவலக உதவியாளர் செல்லாத்தாளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் போனைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கூட்டம் நடக்கும்போது உள்ளே போன் வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். அவசரம் என்று ஏதாவது வந்தால் பார்க்க ஒருத்தர் வேண்டுமே.

இந்த ஏற்பாடு எதிலும் ஒட்டாமல் இருந்தவர் இருபத்தேழாவது வார்டு சண்முகப்ரியா. முதல் தடவை ஜெயித்து வந்தவர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கேள்வியைத் தானே எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து, பாராட்டத்தான் வேண்டும். அவருடைய அம்மா பழனியாத்தாள் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர். நான் அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கிறவன் இல்லை. மன்றத்தில் எல்லோருக்கும் போடுகிற அதே குஷன் நாற்காலியைத்தான் அவருக்கும் போடச் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அந்த அம்மணி இரண்டு கூட்டமாக ஒரே கேள்வியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் கடைசியில் போட்டேன், நேரமில்லாமல் போய்விட்டது. மூன்றாவது தடவை, “இந்த வாட்டியும் கடைசியில போட்டீங்கன்னா தரையில உக்காந்துக்குவனுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற ரகம். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள், மேயர் அழுதுவிடுவார். அதனால் ஏழாவது கேள்வியாகப் போட்டேன்.

கேள்வி இதுதான். கழிவுநீர்க் கிணற்றுக்குள் ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துவதாக நமது மாநகராட்சி கொள்கை முடிவு எடுத்துவிட்டதா? எடுத்துவிட்டது என்றால், அடைப்பு எடுக்கும் லாரி ஐந்து மாதமாக ஷெட்டில் நிற்கும்போது கிணறுகளைச் சுத்தம் செய்வது யார்?

நல்ல கேள்வி. நான் எழுதிக் கொடுத்த கேள்விகளில்கூட இத்தனை சுருக்கமாக ஒன்று அமைந்ததில்லை.

லாரி நின்றது உண்மை. குழாய் கிழிந்துவிட்டது, வண்டி ஓடத் தகுதி என்கிற எஃப்.சி. சான்றும் முடிந்துவிட்டது. கிணற்றுக்குள் யார் இறங்கினார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மணிக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் இறங்கினவர்களில் ஒருவர் ரவிக்குமார், அவருடைய சொந்த அண்ணன். ஒப்பந்தத் தொழிலாளி.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். “கொள்கை முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எந்தத் தொழிலாளியும் கிணற்றுக்குள் இறக்கப்படுவதில்லை. எல்லாப் பணிகளும் இயந்திரம் மூலமே நடைபெறுகின்றன.” இதை மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்த மனமில்லை. எழுதுகிறவனுக்குச் சில சமயம் கை அரிக்கும். “ஐயமுள்ள உறுப்பினர்கள் இன்று மாலை மூன்று மணிக்கு மேயருடன் கழிவுநீர் நீரேற்று நிலையத்துக்கு வந்து நேரில் பார்வையிடலாம்” என்று ஒரு வரி சேர்த்தேன். படித்துப் பார்த்த மேயருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “இது நல்லாருக்குங்க, கெத்தா இருக்குது” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

பக்கத்து நகராட்சியில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். அவர்களுடைய லாரியை இரண்டு மணிக்கு இரவல் அனுப்புவதாகச் சொன்னார். நம்பர் பிளேட்டை யார் பார்க்கப் போகிறார்கள். ஒரே ஒரு சிக்கல். கூட்டத்தன்று காலை ஒப்பந்த மேற்பார்வையாளர் மதன்குமாருக்கு போன் போட்டால், அந்த நிலையத்துக் கிணற்றில் துணியும் பாலித்தீனும் அடைத்து, மேலே வழிந்துகொண்டிருக்கிறது என்கிறார். மூன்று மணிக்கு மேயர் பட்டுப்புடவையோடு அதில் போய் நிற்க முடியுமா?

“ரெண்டு மணிக்கு வர்ற லாரிய வெச்சு மூணு மணிக்குள்ள எடுக்க முடியாதுங்க. நாலு மணி நேர வேலைங்க அது” என்றார் மதன்குமார்.

“கூட்டம் முடியறதுக்குள்ள கெணறு சுத்தமா இருக்கோணும் தம்பி. எப்பிடின்னு எங்கிட்டச் சொல்லாதீங்க.”

 பிறகு, “ரவிக்குமாரைத்தானுங்க கூப்பிடோணும். அந்தக் கெணறு அவருக்குத்தான் அத்துப்படி” என்றார்.

“கூப்பிடுங்க. தங்கச்சிகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போடுங்க” என்றேன்.

நீங்கள் இதை நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், இறக்கச் சொன்னது நான்தான். இறக்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதை ஒரு வாதமாக வைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், பிறகு கேள்விகள். முதல் ஐந்தும் வழுக்கிக்கொண்டு போயின. நாய்த்தொல்லை பற்றிக் கேட்டவரே பதிலுக்கு முன்னால் நன்றி சொல்லிவிட்டார், சிரிப்பாகிவிட்டது. ஆறாவது கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது, பதினொன்று இருபத்தைந்துக்கு, என் பையில் போன் நடுங்கியது. மேயர் மேடைக்குக் கீழே என் மேசை, கூட்டக் குறிப்பு அடிக்கிற லேப்டாப்பும் அதில்தான். குனிந்து எடுத்தேன்.

“ரவிக்குமாரு உள்ள உழுந்துட்டாருங்க. கூப்பிட்டாச் சத்தமே இல்லீங்க. விசவாயுன்னு நெனைக்கறேன். தீயணைப்புக்கு அடிச்சரட்டுங்களா?”

மதன்குமார் நல்ல பையன். என்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

தீயணைப்பு நிலையம் ரொம்பப் பக்கம். ஆனால் அங்கிருந்து நீரேற்று நிலையத்துக்குப் போகிற வண்டி எங்கள் மாமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சைரன் ஜன்னல் வழியாக நேரே உள்ளே வரும். அடுத்தது ஏழாவது கேள்வி. “எந்தத் தொழிலாளியும் இறக்கப்படுவதில்லை” என்று மேயர் படிக்கும்போது வெளியே சைரன் போனால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

“பத்து நிமிசம் பொறுங்க தம்பி. இந்தக் கேள்வி முடியட்டும். அதுவரைக்கும் ஆரையும் கூப்பிட வேண்டாம்” என்றேன்.

“மேல, கூட வேலை செய்யற சாமுவேலுதானுங்க வாளிக் கயித்தப் புடிச்சுட்டு நிக்கறாரு. நான் எறங்கறேன்னு குதிக்கறாருங்க.”

“அவரைப் புடிச்சு நிறுத்துங்க” என்றேன். இதைச் சொன்னேன். மதன்குமாரும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சண்முகப்ரியா எழுந்தார். வணக்கத்திற்குரிய மேயர் அவர்களே என்று தொடங்கி, கேள்வியை நிதானமாகப் படித்தார். மேயர் பதிலைப் படித்தார். ஒரு இடம்கூடத் தடுக்கவில்லை. மாலை மூன்று மணி வரி வந்ததும் மேசை தட்டினார்கள்.

அந்த அம்மணி உட்காரவில்லை. “பதில் நல்லா இருக்குங்க மேயரம்மா. ஆனா எங்க வார்டுல ஆம்பளைங்க விடியால ஊட்டவிட்டுப் போறப்ப சோப்பும் மாத்துத் துணியும் கட்டிட்டுப் போறாங்க. லாரி வேலை செய்யுதுன்னா அவங்களுக்கு எதுக்குங்க சோப்பு?”

சுந்தரராஜுலு சும்மா இருக்க மாட்டாமல், “அம்மணி, சோத்து நேரத்துல சாக்கடையப் பத்திப் பேசோணுமாங்க?” என்றார். மன்றமே சிரித்தது. சண்முகப்ரியாவும் சிரித்தார். “சோத்துக்காகத்தானுங்க எறங்கறாங்க” என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு இரண்டாவது போன். சாமுவேல் இறங்கிவிட்டார். யார் தடுத்தும் நிற்கவில்லையாம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, ரவிக்குமாரைக் கட்டித் தூக்கலாம் என்று தன் முடிச்சையே அவிழ்த்து, அவரும் மயங்கிச் சாய்ந்துவிட்டாராம். பத்து நிமிடம் என்று நான் சொன்னதில் பதினைந்து ஆகிவிட்டிருந்தது. சாமுவேலுக்குப் பொறுமை குறைவு என்று எனக்குக் கோபம் வந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் செல்லாத்தாள் உள்ளே வந்து என் காதோரம் குனிந்தார். “ஏனுங்க, அந்த இருவத்தேழு அம்மணியோட போனு நிக்காம அடிக்குதுங்க. அவுங்க அம்மாதான் கூப்புடறாங்க. கொண்டாந்து குடுத்தரட்டுங்களா?”

“கூட்டத்துல போன் குடுக்கற பழக்கம் இல்லீல்ல. சத்தத்தை அமத்தி வெச்சுப்போடுங்க” என்றேன். அவர் போய் அமர்த்தி வைத்தார். பன்னிரண்டு அழைப்புகள் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நான் எண்ணவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு மூன்றாவது போன். மதன்குமார் அழுதுகொண்டிருந்தார். “சாமுவேலு மொனகற சத்தம் கேக்குதுங்க. உசுரு இருக்குதுங்க. இப்பக் கூப்பிட்டாக் காப்பாத்திப்போடலாங்க. உங்க காலுல உழுகறேன்.”

“இன்னும் ரெண்டே நிமிசம்” என்றேன். மன்றத்தில் அந்தச் சமயம் சண்முகப்ரியா மேயரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு மூணு மணி பார்வையெல்லாம் வேண்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இப்ப, இந்த நிமிசம், நம்ம கெணத்துக்குள்ள ஒரு மனுசன்கூட இல்லைன்னு உங்களால சொல்ல முடியுங்களா?”

மேயருக்கு எழுதிக் கொடுத்த தாளில் இதற்குப் பதில் இல்லை. பாவம், மேலேயிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். போன் இன்னும் என் காதில் இருந்தது. நான் தலையாட்டினேன். இல்லை என்று சொல்லலாம் என்கிற மாதிரி, நன்றாகத் தெரிகிற மாதிரி தலையாட்டினேன். மேயருக்கு எதுவும் தெரியாது. அவரை இதில் இழுக்காதீர்கள். என் தலையசைப்பை நம்பித்தான் அவர் அதைச் சொன்னார்.

“ஒருத்தரும் இல்லீங்க கண்ணு” என்றார் மேயர். “என் குலதெய்வத்து மேல ஆணை.”

 சண்முகப்ரியா கை கூப்பினார். “நீங்களே சொன்ன பொறவு நான் நம்பறனுங்க. நன்றிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கின முகம். எனக்கே அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பதில் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அப்போதாவது கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் பதில் ஏற்கப்பட்ட கையோடு சைரன் கேட்டால் அது பதில் சொல்லும்போது கேட்டதைவிட மோசம். மீதி இருந்த பதினாலு தீர்மானங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். யாரும் எதிர்க்கவில்லை. நாட்டுப்பண் பாடினோம். நானும் அசையாமல் நின்றேன். பன்னிரண்டு இருபதுக்குக் கூட்டம் முடிந்தது. என் சர்வீஸில் அத்தனை சீக்கிரம் முடிந்த கூட்டம் வேறு இல்லை. எல்லோரும் பந்திக்குப் போய் உட்கார்ந்த பிறகு, மாடிப்படியில் நின்று மதன்குமாரிடம், இனி கூப்பிடலாம் என்றேன்.

சைரன் போனபோது சண்முகப்ரியா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். போனை அப்போதுதான் கூடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும். அந்த அம்மணி போட்ட சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மேயர் அன்றிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள்.

ரவிக்குமார் விழுந்த உடனேயே போய்விட்டார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சாமுவேல் பன்னிரண்டு மணி வரையாவது இருந்திருப்பார், அதற்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் எழுதியிருக்கிறார். அதை நீங்கள் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. ரவிக்குமாரை இறக்கினதும் நான், சாமுவேலை ஏற்றாமல் விட்டதும் நான். மதன்குமார் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அவ்வளவே. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

அந்த லேப்டாப் விஷயமும் கேட்டீர்கள். ஆமாம், இரங்கல் தீர்மானம் என்ற அந்தப் பக்கம் நான் அடித்ததுதான். பதினொன்று ஐம்பது என்று அதில் நேரம் காட்டினால் அது சரியாகத்தான் இருக்கும். மூன்றாவது போனை வைத்துவிட்டு, மேயர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது அடிக்கத் தொடங்கினேன். அடுத்த நாள் பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போது அந்த அம்மா திணறக் கூடாது பாருங்கள். இரண்டு பெயருக்கும் தகப்பனார் பெயர், வயது, வார்டு எல்லாம் சரிபார்த்துப் போட்டேன். “அன்னாரின் குடும்பத்தாருக்கு இம்மாமன்றம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது” என்று முடித்தேன்.

முனகல் கேட்கிறது என்று தெரிந்த பிறகு எப்படி அந்த மனிதருக்கு இரங்கல் எழுத முடிந்தது என்கிறீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. பக்கத்தை நன்றாகப் பாருங்கள். உயிரோடு இருக்கிறவருக்கு இறந்த நேரம் போட மனசு வராமல், சாமுவேலுக்கு அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.